ஆலம் சிவப்பு

குளியல் தொட்டி என்கிற ஒன்றை நான் சினிமாவில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்தே இருபத்து நாலு வருஷமாக ஸ்ரீரங்கம் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றுக்குப் போய் வேதியியல் நடத்துகிறவள் நான். எங்கள் வீட்டில் பக்கெட்டும் மக்கும்தான். அதனால் பி.எஸ்சி. கடைசி வருஷத்தில் செல்லக்கிளியும் பஸீலாவும் வந்து, "பிராஜெக்டுக்கு பாத் பாம் செய்யறோம் மேடம்" என்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சோடாவும் சிட்ரிக் அமிலமும் கலந்து பிடித்த உருண்டை அது. தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று நுரைத்து, நிறமும் வாசனையுமாகக் கரையும். அந்தத் தண்ணீரில் படுத்துக்கொண்டு குளிப்பார்களாம்.

"படுத்துக் குளிக்க எங்க போவீங்க? கொள்ளிடத்துக்கா?" என்றேன்.

பஸீலா சிரித்தாள். செல்லக்கிளி தரையைப் பார்த்தார்.

அவளுக்கு 'ள்' போட்டு இவருக்கு 'ர்' போடுவதற்குக் காரணம் உண்டு. பஸீலாவுக்கு வயது இருபது. செல்லக்கிளிக்கு நாற்பத்தொன்று. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். பஸீலா அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் மட்டும் என்ன செய்வது, என்னைவிடப் பத்து வயதுதான் சின்னவர், 'வாம்மா போம்மா' என்று வாய் வருமா?

செல்லக்கிளி பிறந்தது துறையூர் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் செய்து உறையூருக்கு அனுப்பிவிட்டார்கள். தறிக்கு நூல் சாயம் போடுகிற பட்டறை வைத்திருந்த குடும்பம். முப்பது வயதில் புருஷன் போய்விட்டார். மூன்றே நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு கொழுந்தனார் வீட்டில் ஒரு அறை, கையில் ஒரு மகள். பட்டறைக்கு வேண்டியதைக் கடையில் வாங்கி வருவது, பதினோரு பேருக்குச் சமைப்பது, யாராவது ஏதாவது கேட்டால் பேசாமல் இருப்பது. மகள் நர்சிங் சேர்ந்த வருஷம் இவர் தானும் படிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அவர் கேட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். கொழுந்தனார் யோசித்துவிட்டு, "மூணு வருஷம். ஒரு பேப்பர் நின்னாலும் அதோட சரி" என்றாராம். இதெல்லாம் பஸீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். செல்லக்கிளி எதையும் சொல்கிற ஆள் இல்லை.

அதுதான் பெரிய தொல்லை. எழுத்துத் தேர்வில் முதல் ஐந்து பேரில் ஒருவர். ஆனால் எழுந்து நின்று பேசச் சொன்னால் போச்சு. இரண்டாம் வருஷ செமினாரில் எட்டு நிமிஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றார், ஒரு சொல் வரவில்லை. நான் பொறுமைசாலி என்று எங்கள் டிபார்ட்மெண்டில் யாரும் சொல்லமாட்டார்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் போய் உட்கார்ந்தார். அன்று பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிராஜெக்ட் வேலையில் மட்டும் அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. முதலில் செய்த உருண்டைகள் ராத்திரியோடு ராத்திரியாகப் போண்டா மாதிரி உப்பி வெடித்துவிட்டன. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட மாதம், காற்றெல்லாம் ஈரம். பஸீலா யூடியூபைப் பார்த்து எத்தனை ஸ்பூன் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். செல்லக்கிளி தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட்டைத் தெளித்தார், ஒரு பிடி எடுத்து அமுக்கினார், விரலால் உதிர்த்தார், மறுபடி தெளித்தார். "புட்டு மாவுப் பதம்" என்றார் பஸீலாவிடம், மெதுவாக. பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இரண்டு குழிக்கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுத்தால் எலுமிச்சம்பழம் போல் உருண்டை. நிறத்துக்கு மஞ்சள் தூள். அதற்குப் பிறகு ஆறு முறை செய்தார்கள், ஆறும் தேறியது.

ஏப்ரலில் வைவா. வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் பெஞ்சமின் சார். கறாரான மனிதர். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். வாய் திறக்காவிட்டால் பூஜ்ஜியம், வைவாவில் பூஜ்ஜியம் என்றால் பிராஜெக்டே ஃபெயில். அப்படியானால் செல்லக்கிளியின் மூன்று வருஷக் கெடு அன்றோடு முடிந்தது. வழிகாட்டி என்ற முறையில் நான் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பஸீலா பொரிந்து தள்ளிவிட்டு வெளியே போனாள். பெஞ்சமின் சார் செல்லக்கிளியைப் பார்த்து, "நீங்க ஒண்ணு செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கை வேலை என்றால் அவருக்குப் பயமில்லை.

லேபில் சோடா பாட்டில் முந்தின நாளே காலியாகிவிட்டிருந்தது. வருகிற வழியில் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, கையுறை மாட்டிக்கொண்டு, நூறு கிராம் நிறுத்து வெள்ளைத் தட்டில் கொட்டினார். ஒரு சிட்டிகை மஞ்சள். நாலு சொட்டுப் பன்னீர். விரலால் பிசறினார்.

தட்டு சிவந்தது. லேசாக இல்லை, ரத்தச் சிவப்பு.

"ஏம்மா, மஞ்சள் உருண்டைன்னுதானே புக்ல எழுதியிருக்கீங்க? இது என்ன?" என்றார் பெஞ்சமின் சார்.

செல்லக்கிளி பேசவில்லை. குங்குமம் கலந்த மட்டமான சோடாத் தூளை வாங்கி வந்துவிட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். ஆனால் பதற்றத்தில் எனக்கு அதுகூட ஓடவில்லை. ஆறு முறை சிவக்காதது இப்போது ஏன் சிவந்தது? அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் எட்டு நிமிஷம் கரும்பலகை முன்னால் நின்றது போலவே இருந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தவர் மாதிரி பார்த்தார்.

"சார், இது ஆப்ப சோடா இல்ல" என்றார்.

"பின்ன?"

"சலவை சோடா. சாயப் பட்டறைக்குப் போடறது. நான் கடையில சோடான்னு மட்டும்தான் கேட்டேன். அவருக்கு நாங்க உறையூர் பட்டறை வீட்டுக்காரங்க. எப்பவும் வாங்கறதையே கட்டிக் குடுத்துட்டாரு."

"ரெண்டும் வெள்ளைத் தூள். பாத்ததும் எப்படிச் சொல்றீங்க?"

"தூளைப் பாத்துச் சொல்லல சார். செவப்பைப் பாத்துச் சொல்றேன். இது ஆலம் செவப்பு."

பெஞ்சமின் சார் பேனாவைக் கீழே வைத்தார். செல்லக்கிளி நிறுத்தவில்லை. மூன்று வருஷமாக வராத பேச்சு தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆலம் சுத்துவாங்கல்ல சார், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச தண்ணி. எங்க சொந்தத்துல எல்லாக் கல்யாணத்துக்கும் கரைக்கறது நான்தான். வீட்டுக்காரர் போனதுல இருந்து சுத்தறதுக்குக் கூப்பிட மாட்டாங்க. கரைச்சு வச்சிட்டு ஓரமா நின்னுக்குவேன். சுத்தறவங்க பொண்ணு மாப்பிள்ளையப் பாப்பாங்க. நான் தட்டைப் பாப்பேன். ஒரு தடவ ஸ்ரீரங்கத்துல ஒரு மண்டபத்துல சுண்ணாம்பு இல்ல. அவசரத்துக்கு அடுப்படியில இருந்த ஆப்ப சோடாவைப் போட்டுட்டேன். செவக்கல. காவியா நின்னுச்சு. மாப்பிள்ளை வீட்ல சண்டைக்கு வந்துட்டாங்க, என் கை பட்டதாலதான் ஆலம் செவக்கலன்னு."

அவர் குரல் அந்த இடத்தில் உடையும் என்று எதிர்பார்த்தேன். உடையவில்லை.

"எனக்கு அழுகை வரல சார். சந்தேகம்தான் வந்துச்சு. சுண்ணாம்பும் காரம், சோடாவும் காரம். அது ஏன் செவக்குது, இது ஏன் செவக்கல? அங்க யாரக் கேட்டாலும் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் காலேஜ் சேர்ந்தேன். முதல் வருஷமே தெரிஞ்சு போச்சு, ஆப்ப சோடா பலம் குறைஞ்ச காரம், பி.எச். எட்டரைக்கு மேல போகாது, மஞ்சளுக்கு அது பத்தாது. ஆனா அப்பறம் வேற வேற சந்தேகம் வந்துடுச்சு."

என் கல்யாணத்துக்கும் கோயிலிலிருந்து வந்ததும் வாசலில் ஆலம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் பார்த்தாயிற்று. நிறங்காட்டிகள், பி.எச். அளவு என்று இருபத்து நாலு வருஷம் தொண்டை வறள நடத்தியும் இருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தத் தட்டை நான் நின்று பார்த்ததில்லை. தன்னை ஒதுக்கி நிறுத்திய இடத்தில் நின்றுகொண்டு இந்த மனுஷி வேதியியலைப் பார்த்திருக்கிறார். இவரைப் பார்த்தா கொழுக்கட்டை என்று கேட்டேன்? அந்த நிமிஷம் எழுந்து கும்பிட்டிருப்பேன், வைவா விதி தடுத்தது.

"சரி, இதைக் கொட்டிட்டு லேப்ல வேற சோடா இருந்தா..." என்று பெஞ்சமின் சார் ஆரம்பித்தார்.

"கொட்ட வேணாம் சார். கணக்கை மாத்தினா போதும்."

சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். ஆப்ப சோடா நூறு கிராமுக்கு சிட்ரிக் அமிலம் எழுபத்தாறு கிராம். சலவை சோடாவுக்கு அது போதாது. "கட்டியா இல்லாம தூளா இருக்கறதால இதுல தண்ணி சேரலன்னு எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பெருக்கி வகுத்து நூற்று இருபத்தொன்று என்று கோடிட்டார். புத்தகம் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், சரி. "கடைசியில தண்ணி புளிப்பா முடியணும் சார், அதனால நூத்தி முப்பது போடறேன்" என்றார்.

தட்டை ஃபேனுக்கு அடியில் பரப்பி உலரவிட்டு, அமிலத்தைக் கலந்து, ஸ்பிரிட் தெளித்து, பதம் பார்த்து, கரண்டிகளில் அழுத்தி எடுத்தார். சிவப்பு உருண்டை. வெள்ளைப் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, "இதுல குளிக்கக் கூடாது சார், சலவை சோடா உடம்புக்கு ஆகாது. பாக்க மட்டும்தான்" என்றார். பிறகு போட்டார்.

உருண்டை அடியில் போய் உட்கார்ந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் சலசலத்தது. உருண்டையிலிருந்து சிவப்பு இழை இழையாகக் கிளம்பியது. கிளம்பிய இழை இரண்டு விரற்கடை தூரம் போனதும் மஞ்சளாக மாறியது. உள்ளே சிவப்பு, வெளியே மஞ்சள், நடுவில் நுரை. உருண்டை சுழன்றுகொண்டே மேலே வந்து, சிறுத்து, காணாமல் போனது. பக்கெட் முழுக்கப் பளிச்சென்று மஞ்சள், லேப் முழுக்கப் பன்னீர் வாசனை. இதில் நடக்கும் ஒவ்வொரு வினையும் எனக்குத் தெரியும், சமன்பாடு எழுதிக் காட்டுவேன். இருந்தும் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் நீர் கட்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கும் முன்னால் முதன்முதலில் லேபுக்குள் போன அன்று இருந்த பிரமிப்பு அது. இடையில் எப்போதோ அதை நான் தொலைத்திருந்தேன்.

பெஞ்சமின் சார் எப்போது நாற்காலியை விட்டு எழுந்தார் என்று தெரியவில்லை. ஷூவோடு பக்கெட் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கலவை மிச்சம் இருக்கா? இன்னொண்ணு போடுங்கம்மா" என்றார்.

மூன்று போட்டார்.

பெஞ்சமின் சார் மார்க் போட்டு என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. "ரெண்டு எதுக்கு சார் குறைச்சீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "சாமான் வாங்கும்போது பேரை முழுசா சொல்லணும்ல" என்று சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டார்.

செல்லக்கிளி மூலைத் தொட்டியில் கரண்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பாமலே, "பாஸா மேடம்?" என்று கேட்டார்.

"பாஸ். தொண்ணூத்தெட்டு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. எனக்கு அன்று சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. "அன்னிக்கு செமினார்ல அப்படிக் கேட்டது தப்புங்க செல்லக்கிளி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "எம்.எஸ்சி.க்கு அப்ளிகேஷன் எப்ப குடுப்பாங்க மேடம்?"

"மே கடைசியில. ஆனா உங்க வீட்ல மூணு வருஷம்தானே ஒத்துக்கிட்டாங்க? நான் வேணா உறையூருக்கு வந்து பேசட்டுமா?"

"வேணாம் மேடம். நானே பேசிக்கறேன்."