கரையாத்தா நீங்கலாக

எந்த ஊர் ஏரி என்று சொல்லப்போவதில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் ஏரிகளும் இருக்கின்றன. இன்ன ஏரிதானே என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவேன்.

அப்போது நான் எங்கள் நகராட்சியின் பொறியியல் பிரிவில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள், குரும்பலூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போன முதல் ஆள், ஏசி மாட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள், எல்லாம் நானே. அந்த ஏசி ஓடாது என்பதை வீட்டில் சொல்லவில்லை. நகராட்சி எதைச் செய்தாலும் அதை நானே செய்வதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. ஏரியில் படகுத்துறை வரப்போகிறது என்று தெரிந்ததும், ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முந்திரி வியாபாரியிடம், "அடுத்த வருஷம் ஏரியில நாங்க போட்டு விடப்போறோம்" என்று சொன்னேன். அவர் என் கையில் எந்தத் தேர்தல் நோட்டீசும் இல்லாததைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி தம்பி?" என்றார்.

திட்டம் எளிமையானதுதான். ஏரியும் கரையும் அரசாங்கத்துடையவை. கீழக்கரையில் தண்ணீரை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தை அரசாங்கம் நகராட்சிக்குக் கொடுக்கும். நகராட்சி அதில் படகுத்துறை கட்டி, நடைபாதை போட்டு, டிக்கெட் கொடுத்து நடத்தும். நிபந்தனை ஒன்றே ஒன்று: நிலத்தில் ஆக்கிரமிப்பு எதுவும் இருக்கக் கூடாது. கொடுக்கிறவர் சுத்தமாகக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் சுத்தமாக வாங்க வேண்டும்.

அந்தத் துண்டில் இருந்த ஒரே ஆக்கிரமிப்பு என் சின்னம்மா.

அம்மாவின் தங்கை. புங்க மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி, ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம், அவ்வளவுதான் கடை. வண்டிக்கு டயர் போய் வருஷக்கணக்காகிவிட்டது. இனி யார் தள்ளினாலும் நகராது. ஏரியில் பிடித்த ஜிலேபிக் கெண்டையை மசாலா தடவி வறுத்துப் போடுவாள். முழங்கால் தேய்ந்துபோனதால் களையெடுப்பு, கதிரறுப்பு எதற்கும் அவளால் திரும்பிப் போக முடியாது. அந்த அடுப்பு அணைந்தால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. கடிதங்களைத் தட்டச்சு செய்கிறவன் நான் என்பதால் அவளிடம் சொல்லும் பொறுப்பும் எனக்கே என்று போனேன்.

"சின்னம்மா, ஏரிக்கரைய நகராட்சிக்குக் குடுக்கறாங்க."

"யாரு குடுக்கறா?"

"அரசாங்கம்."

"நகராட்சி யாருது?"

"அதுவும் ஒருவிதத்துல அரசாங்கந்தான்."

"அப்ப இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்திக்கறாங்க. அதுக்கு நான் ஏன்டா நடுவுல நசுங்கணும்?"

"படகு வூடு வருது சின்னம்மா. ஊருக்கே பெருமை."

"படகுக்கு வூடா? எனக்கு வூடு கட்டித் தரேன்னு போட்டோ புடிச்சிட்டுப் போனவன இன்னும் காணோம். படகுக்கு வந்துருச்சா." எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டாள். "சரி, எப்ப அளக்க வராங்க? எத்தன பேருன்னு கேட்டுச் சொல்லு. மீன் வாங்கி வைக்கணும்."

அளக்க வந்தவர்கள் மூன்று பேர். கொடுக்கிற பக்கத்துக்கு ஒரு இன்ஜினியர். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் துறை அவருடையது, எங்கள் ஊரில் அவரை ஏரி இன்ஜினியர் என்போம். வாங்குகிற பக்கத்துக்கு என் மேலதிகாரியான நகராட்சி இன்ஜினியர். நடுவில் அளக்கிறவராக சர்வேயர். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க நான்.

நிலத்தின் மூலையில் ஒரு எல்லைக்கல் இருக்க வேண்டும் என்று சர்வேயர் கொண்டுவந்த நில வரைபடமான புலப்படம் சொன்னது. அந்தக் கல் கிடைத்தால் கோடு கிடைக்கும், கோடு கிடைத்தால் எது உள்ளே எது வெளியே என்று தெரியும். எனவே முதல் வேலை கல்லைத் தேடுவது. நல்ல காரியம் என்பதால் ஏரி இன்ஜினியர் தேங்காய் வாங்கி வந்திருந்தார். சின்னம்மாவின் வண்டிக்குப் பக்கத்தில் புங்க மரத்தடியில் இருந்த கரையாத்தா முன்னால் அதை உடைத்தார். கரையாத்தா என்பது முழங்கால் உயரத்தில் ஒரு அம்மன். மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை கட்டி, எலுமிச்சை மாலை போட்டிருக்கும். எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கல் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று சர்வேயர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். எங்கள் எல்லோர் நெற்றியிலும் சின்னம்மா குங்குமம் வைத்துவிட்டாள்.

பிறகு தேடினோம். மதகிலிருந்து டேப்பை இழுத்தோம். டேப் நேராகப் போய்க் கரையாத்தா மேல் முட்டியது. "சாமி மேல படாம தள்ளிப் புடிங்க தம்பி" என்றார் சர்வேயர். தள்ளிப் பிடித்து அந்த இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்தோம். கல் இல்லை. ரோட்டுப் பாலத்திலிருந்து இழுத்தோம். மறுபடி கரையாத்தா. மறுபடி மரியாதையாகத் தள்ளிப் பிடித்தோம். சுற்றிச் சுற்றிக் குழி தோண்டியதில் புங்க மரத்தடி பன்றி கிளறிய வரப்பு மாதிரி ஆகிவிட்டது. டேப் பழசாகி நீண்டுவிட்டது என்று சர்வேயர் சொன்னார். புலப்படமே தப்பு என்றார் நகராட்சி இன்ஜினியர். கல்லை எவனோ துணி துவைக்கக் கொண்டுபோயிருப்பான் என்பது ஏரி இன்ஜினியரின் முடிவு.

நான் படித்தவன். கணக்கில் எனக்கு நம்பிக்கை அதிகம். மெதுவாகச் சொன்னேன்: "சார், எப்படி இழுத்தாலும் சாமிகிட்டதான் வருது. ஒருவேள சாமிதான் கல்லா இருக்குமோ?"

சர்வேயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி கல்லாத்தான் இருக்கும். பின்ன என்ன ரப்பர்லயா இருக்கும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. டேப்பைப் பார்த்தார், கரையாத்தாவைப் பார்த்தார், கையிலிருந்த தேங்காய் மூடியைப் பார்த்தார். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். சின்னம்மா மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில், இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் என்னையும் வறுத்திருப்பாள்.

"அதுதான் கல்லுன்னா என்ன ஆவும் சார்?" என்று கேட்டாள்.

சர்வேயர் முள்ளை எடுத்துக்கொண்டே விரலால் காற்றில் கோடு போட்டார். "இப்படிக்கா போவும்க்கா கோடு. உங்க வண்டி, இந்த பெஞ்சு, டிரம்மு எல்லாம் உள்ள மாட்டிக்கும். எடுத்தாவணும்."

"கல்லு இல்லன்னா?"

"கல்லு இல்லன்னா கோடு இல்ல. கோடு இல்லன்னா யாரும் யாருக்கும் எதையும் குடுக்க முடியாது."

"அப்ப சாமிதான்" என்றாள் சின்னம்மா.

கல்லா சாமியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, எல்லைக்கல்லின் தலையில் உளியால் கொத்திய அம்புக்குறி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குச் சேலையை அவிழ்த்து, மஞ்சளைக் கழுவ வேண்டும். அங்கேதான் அரசாங்கம் நின்றுபோனது. கரையாத்தாவுக்குச் சேலை மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் பெண்கள் வேலை. ஆண்கள் அந்த நேரம் பக்கத்தில் நிற்கவே மாட்டார்கள். மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் தற்காலிகம் சார்" என்றேன்.

"யக்கா, நீங்களே கொஞ்சம்..." என்று இழுத்தார் சர்வேயர்.

"வெள்ளிக்கெழமதான் குளிப்பாட்டுவேன்" என்றாள் சின்னம்மா. "இன்னக்கி என்ன கெழம?"

செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை வந்தபோது செய்தி பரவிக் கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. சின்னம்மாவின் இரண்டு பெண்களும் ஒரு பழைய சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றோம். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஏரியில் ஒரு சிமெண்ட் லாரி டிரைவர் குளித்துக்கொண்டிருந்தார். வரிசையாக இத்தனை பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு கழுத்தளவு முங்கிக்கொண்டார்.

"யக்கா, தலையில ஏதாவது வெட்டுன குறி தெரியுதா?" என்று திரும்பாமலே கேட்டார் சர்வேயர்.

"தெரியுது சார்."

"அம்பு மாதிரியா?"

"சூலம் மாதிரி."

"நல்லாப் பாருங்கக்கா. நடுவுல நேர்கோடு, ரெண்டு பக்கமும் சாய்வா..."

"சூலம் பின்ன எப்புடி சார் இருக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நகராட்சி இன்ஜினியருக்குப் பொறுமை போய்விட்டது. "நாமளே திரும்பிப் பாத்துடுவோம்யா. அரசாங்க வேலைதான" என்றார்.

"பாருங்க சார்" என்றாள் சின்னம்மா. குரலில் கோபமே இல்லை. "நீங்க பாத்து அம்புன்னு சொல்லிட்டா அது கவர்மெண்டு கல்லு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இதுவரைக்கும் இங்க வேண்டிக்கிட்டவங்க எல்லாருகிட்டயும், நீங்க சர்வே கல்லுக்குத்தான் மாவெளக்கு போட்டீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க. மொதல்ல ஏரி சார்கிட்ட சொல்லுங்க. போன மாசம் பட்டுச்சேலை சாத்துறேன்னு வேண்டிக்கிட்டாரு."

ஏரி இன்ஜினியர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் வேண்டுனீங்க?" என்றார் நகராட்சி இன்ஜினியர்.

அவருக்குப் பதில் சின்னம்மாதான் சொன்னாள்: "இந்தக் கர எப்படியாவது தன் தலைய விட்டு எறங்கி உங்க தலையில ஏறணும்னு."

அதன் பிறகு யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏரி இன்ஜினியரே தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னார். எல்லைக்கல் காணவில்லை என்று எழுதுவோம். அதற்குப் பதிலாகக் கோயிலையே மூலையாக வைத்துக்கொள்வோம். கோயிலை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது, எனவே கோயில் நீங்கலாக மீதி நிலத்தை ஒப்படைப்போம். சர்வேயருக்கு உயிர் வந்தது. இதெல்லாம் வழக்கமாக எழுதுவதுதான் என்றார். நகராட்சி இன்ஜினியருக்கு வேறு வழியில்லை. மழைக்கு முன்னால் படகை இறக்கியாக வேண்டும் என்று மேலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது.

"சரி, கோயில்னா எவ்வளவு? அந்தச் சாமி மட்டுந்தான?" என்றார்.

"சாமியும், சுத்திவர எடமும்" என்றார் சர்வேயர். "சுத்திவர எடம் இல்லாம எப்படி சார் கோயிலு?"

"சுத்திவர எவ்வளவு வேணும்?"

"அது சுத்துறவங்களப் பொறுத்தது."

மறைப்புச் சேலையை மடித்துப் பெண்கள் ஓரமாக வைத்தார்கள். கரையாத்தா புது மஞ்சளும் புதுச் சேலையுமாக இருந்தாள். சின்னம்மா தட்டில் கர்ப்பூரத்தை ஏற்றினாள். ஒன்று போதாது என்று இன்னும் இரண்டு வில்லை போட்டாள்.

"நான் சுத்திக் காட்டுறேன், நீங்க குறிச்சிக்குங்க சார்" என்றாள்.

தேய்ந்த முழங்காலோடு தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தாள். கோலமாவு டப்பாவோடு கோடு போட்டபடி பின்னாலேயே சர்வேயர். சின்னம்மா கரையாத்தாவைச் சுற்றி, புங்க மரத்தையும் சுற்றினாள். சரி, மரம் அம்மனுடையதுதான். பிறகு தள்ளுவண்டியைச் சுற்றினாள். நகராட்சி இன்ஜினியர் வாயைத் திறந்தார். ஆனால் எரிகிற கர்ப்பூரத் தட்டுக்குக் குறுக்கே யாரும் போவதில்லை. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். பெஞ்சையும் சேர்த்துச் சுற்றினாள். பெஞ்சில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்த ஒருவர் பயந்து காலை மேலே தூக்கிக்கொண்டார். தண்ணீர் டிரம்மும் உள்ளே வந்தது. பாத்திரம் கழுவும் இடத்தை நோக்கி அவள் திரும்பியபோது நகராட்சி இன்ஜினியர் தாங்காமல், "யம்மா, போதும்மா, எங்களுக்குப் படகு நிறுத்த எடம் வேணும்" என்றார்.

"கர்ப்பூரம் இன்னும் அணையல சார்" என்றாள் சின்னம்மா.

கழுவும் இடத்தையும் சுற்றிக்கொண்டு வந்து, ஆரம்பித்த இடத்தில் நின்றாள். வெள்ளைக் கோடு முட்டியது. மூச்சு வாங்க, தட்டை முதலில் நகராட்சி இன்ஜினியரிடம்தான் நீட்டினாள். அவர் கோட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் சுடரின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒற்றிக்கொண்ட பிறகு எல்லையைப் பற்றி என்ன பேசுவது? பேசாமல் அடுப்புப் பக்கம் போய், "மீன் இருக்கா?" என்று கேட்டார்.