சார்ஜ் நிற்காத மாதங்கள்

ஐந்தாம் மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "இனிமே பாத்ரூமுக்கு மட்டும் எந்திரிங்க. மத்ததெல்லாம் படுத்துக்கிட்டேதான்" என்றார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது. அதற்கு முன் ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்ததால் நான் உடனே தலையாட்டினேன். புதுக்கோட்டையிலிருந்து ஆவூரில் எங்கள் வீடு வரைக்கும் என் கணவர் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசிலும் கையுமாக நாள் முழுக்க மைதானத்தில் நிற்கிறவள். என்னை இடது பக்கமாகப் படுக்கவைத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இரு என்றால் எப்படி இருக்கும்? காலுக்குள் ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தது. போர்வையை உதைப்பேன், இழுத்துப் போர்த்துவேன், மறுபடி உதைப்பேன்.

அந்த நேரத்தில் கையில் போன் இருந்ததுதான் தப்பாகப் போயிற்று. எனக்கு வந்திருப்பது என்னவென்று தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் படித்தால் அடுத்தது அதைவிடப் பயங்கரமாக இருக்கும். யாரோ முன்பின் தெரியாத பெண்களுக்கு நடந்ததெல்லாம் எனக்கே நடக்கப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு வாரம் தாங்கினேன். பிறகு நானே கணவரிடம் போனை நீட்டினேன்.

"இதை எடுத்துட்டுப் போயிருங்க. கையில இருந்தா பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்."

அவர் யோசித்துவிட்டு, அலமாரியிலிருந்து கையில் வைத்து விளையாடுகிற ஒரு கேம் மெஷினை எடுத்துக் கொடுத்தார். என் கொழுந்தன் மஸ்கட்டில் இருந்தபோது வாங்கியது. லீவில் வந்தவன் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதில் ஒரு மலையேறுகிற ஆட்டம் இருந்தது. முதல்நாளே பிடித்துப்போய்விட்டது. இரண்டு கட்டைவிரலுக்கும் வேலை, கண்ணுக்கு வேலை. வயிற்றைப் பற்றிய நினைப்பு கொஞ்ச நேரம் ஓய்ந்திருந்தது.

ஆனால் சார்ஜ் நிற்கவில்லை. மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது முழு சார்ஜில் எடுத்தால், மாமியார் சோறு கொண்டுவருவதற்குள் அணைந்துவிடும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அணையாது. பாதி இருக்கிறது என்று காட்டும். அடுத்த நிமிடம் திரை கறுத்துப்போகும். அந்தக் கறுப்பில் என் முகம் தெரியும். பயமெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"பழசுல்ல, அப்படித்தான் இருக்கும். விடு" என்றார் கணவர்.

"நீங்க காலேஜு வேலைக்குக் கெளம்பிப் போயிருவீங்க. நான் இங்கிட்டுப் படுத்துக்கிட்டு என்ன செய்யறது?" என்று கத்திவிட்டேன். அவர் டிபன்பாக்ஸை மூடினார். பிறகு, "சாயந்தரம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்தரம் வரை எனக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தேன், அதிர்வை நிறுத்தினேன், வைஃபையை அணைத்தேன். சும்மா திரையை மட்டும் அணைத்து வைத்துப் பார்த்தேன். முழுவதுமாக ஆஃப் செய்து வைத்தும் பார்த்தேன். இரண்டிலும் அவ்வளவாக இறங்கவில்லை. விளையாட எடுத்தால்தான் சரிகிறது. சுத்தமாகத் தீரவிட்டு, இடையில் கழற்றாமல் முழுசாக ஏற்றினேன். அளவு காட்டுவது கொஞ்சம் திருந்தியது. நேரம் மட்டும் கூடவில்லை.

இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. மாமியாரின் போனைக் கேட்டு வாங்கினேன். பேட்டரியைப் பற்றித்தான் தேடினேன், சத்தியமாக. இரண்டு பக்கம் அதையே படித்தேன். மூன்றாவது முறை விரல் தானாக வேறொன்றைத் தட்டியது. மாமியார் கஞ்சியோடு வந்தபோது நான் தலையணையில் முகத்தைப் புதைத்து விம்மிக்கொண்டிருந்தேன்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை கிடையாது. ஆனால் படம் போதுமாக இருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இது ஒனக்கு வேணாம் ஆத்தா. அந்த மெஷினுக்கு என்ன செய்யணும்? சொல்லு, நான் செய்யறேன்."

அன்றிலிருந்து அவர்தான் எனக்குக் கை கால். வேறு சார்ஜர், வேறு வயர் என்று தேடிக் கொண்டுவருவார். இந்த பிளக்கில் போடுங்க என்றால் போடுவார், அடுப்படியில் போடுங்க என்றால் அங்கே ஓடுவார். "ஏறுது ஏறுது" என்று அங்கிருந்து குரல் கொடுப்பார். சார்ஜரில் குற்றமில்லை, வயரிலும் இல்லை என்று தெரிந்தது. இடையிடையே செபமாலையும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் கையில் மெஷினோடு வந்தவர், "என்ன ஆத்தா, காய்ச்சல்காரன் மாதிரி சுடுது" என்றார்.

வாங்கித் தடவினேன். முதுகுப்பக்கம் வெதுவெதுப்பைத் தாண்டிய சூடு. மூடி சேருகிற விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நகம் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. கஞ்சிக்கு மூடியிருந்த தட்டின் மேல் வைத்தேன். படியாமல் ஆடியது.

உள்ளே பேட்டரி உப்பியிருந்தது.

"அத்தை, இதை இனிமே சார்ஜ்ல போடாதீங்க. அழுத்தாதீங்க. வீட்டுக்கு வெளிய, நெழல்ல வைங்க" என்றேன். வயிற்றுக்குப் பக்கத்திலேயே இத்தனை நாள் வைத்திருந்தேனே என்று போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். மாமியார் முந்தானையால் அதைப் பிடித்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கணவர் வந்தபோது அது ஒரு பழைய இரும்புச் சட்டியில், மணல் பரப்பி, வேப்பமரத்தடியில் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். மறுநாளே புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கொடுத்தார். பழைய பேட்டரியைக் கழற்றி அவர்களே வைத்துக்கொண்டார்கள். புதிது சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

மெஷினும் இல்லை, போனும் இல்லை. அந்த நாட்கள்தான் ரொம்ப மோசம். கூரை ஓட்டின் வரிசைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். கணவர் போன் செய்து, "என்ன வேணும்?" என்று மாமியாரிடம் கேட்டால், "பேட்டரி வந்துருச்சான்னு கேளுங்க அத்தை" என்று இங்கிருந்து கத்துவேன்.

அப்படியொரு காலையில்தான் புடவையில் ரத்தம் கண்டது.

மாமியார் பக்கத்து வீட்டுக் காரை வரச்சொல்லி, என்னைப் பின் சீட்டில் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை போய்ச்சேரும்வரை அவருடைய விரல்கள் என் நெற்றியில் மணி உருட்டின. ஸ்கேன் அறையில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா கருவியை இன்னும் கொஞ்சம் அங்கிட்டு நகர்த்தினார். குதிரை ஓடுவதுபோல டபடபவென்று சத்தம் வந்தது. மாமியார் சத்தமாக அழுதுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொன்னார்கள். கணவர் சாயந்தரம் வரும்போது மெஷின் கையில் இருந்தது, புதுப் பேட்டரியோடு. அன்று ஆசைதீர விளையாடினேன். கால்வாசிகூடக் குறையவில்லை. திரையை மட்டும் அணைத்து வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எடுத்தால் பாதிக்குக் கீழே.

"திரும்பவுமா?" என்று கணவர் தலையில் கைவைத்தார்.

எனக்குத்தான் ஏனோ பதற்றம் வரவில்லை. முன்னால் வீட்டில் செய்த சோதனையை வரிசையாக யோசித்தேன். அங்கே வைஃபையை அணைத்திருந்தேன். கடைக்காரர் பேட்டரி மாற்றியபோது எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியிருக்கிறார், கணவரும் ஆஸ்பத்திரி வைஃபையை இணைத்துக் கொடுத்திருந்தார். செட்டிங்ஸில் தோண்டினேன். திரை தூங்கும்போதும் நெட்டைப் பிடித்து எதையாவது இறக்கிக்கொள்ள அனுமதி என்று ஒன்று இருந்தது. அதை நிறுத்தினேன். மறுநாள் காலை பார்த்தபோது கிட்டத்தட்ட வைத்தபடியே இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "அப்படியா!" என்று சந்தோஷப்பட்டார்.

எட்டாம் மாதம் முடிவதற்குள் ரத்தம் மறுபடி வந்தது. இந்த முறை நிற்கவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். எடை குறைவு, அழுகையும் மெலிசு என்று பிறகு சொன்னார்கள். என் கையில் கொடுக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததிலிருந்து, "உசிரோட இருக்காளா, பொய் சொல்லாதீங்க" என்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டேன். கணவர் போனில் படம் காட்டினார். படம் எனக்குப் போதவில்லை.

இரண்டாம் நாள் நர்ஸம்மா என்னை எழுப்பி நிறுத்தினார். தையல் இழுத்தது. காலில் பலமே இல்லை, பஞ்சு மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் இறங்கினேன்.

"மெதுவாப் போங்கம்மா, பாப்பா அங்கதான் இருக்கு. எங்கயும் போயிடாது" என்றார்.

மெதுவாகப் போக என்னால் முடியவில்லை. ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் சுவர், முடிந்த வேகத்தில் போனேன்.