தங்கையின் பதிவு எண்

அம்மானுக்கு வடக்கே, இர்பித் நகரில், பல்கலைக்கழகத் தெருவில் எனக்கு ஒரு நகல் கடை உண்டு. மருத்துவம் முடித்த பிள்ளைகள் மருத்துவர் சங்கத்தில் பெயர் பதிவதற்கு முன்னால் என் கடைக்குத்தான் வருவார்கள். பட்டம், பயிற்சி ஆண்டு முடித்த சான்று, குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று நீதிமன்றம் தரும் தாள், அடையாள அட்டை, புகைப்படங்கள். எதில் எத்தனை பிரதி வேண்டும் என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு தாளால்தான் என் நண்பன் சுஹைரின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் நடந்தது.

சுஹைரும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். பள்ளி இறுதித் தேர்வில் அவனுக்கு வந்த மதிப்பெண் இங்கே மருத்துவம் படிக்கப் போதவில்லை. அவன் வாப்பா அவனை உக்ரைனுக்கு அனுப்பினார். அவன் விமானம் ஏறிய நாளிலிருந்தே தெரு முழுக்க அவனை "ஹகீம்", அதாவது டாக்டர், என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. விடுமுறைக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள். அவனும் பார்ப்பான்.

ஆறு வருடம் கழித்துப் பட்டத்தோடு திரும்பினான். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் பயிற்சி ஆண்டுக்குள் நுழையவே இங்கே ஒரு தேர்வு எழுத வேண்டும். பயிற்சி இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் ஊசிகூடப் போட முடியாது. முதல் தடவை நாலு மதிப்பெண்ணில் போனது. இரண்டாம் தடவை பதினொன்றில் போனது. மூன்றாம் தடவை பாதியில் எழுந்து வந்துவிட்டான். பிழைப்புக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தான். தோளில் பையை மாட்டிக்கொண்டு, தன் வயதுள்ள டாக்டர்களின் அறை வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

அவன் தங்கை தீமா, மூன்று வயது இளையவள். அவளுக்கு மதிப்பெண் வந்தது. ஊரிலேயே, பஸ்ஸில் போய்ப் படித்தாள். அண்ணன் திரும்பி வந்தபோது மூன்றாம் வருடம் முடிக்கப்போகிறாள். ஆரம்பத்தில் தினமும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்பாள். அவனுக்குப் பெருமை தாங்காது. அவன் இரண்டாவது தடவை தோற்ற பிறகு, மெதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை அவனே ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னான்.

"அவ கேக்குறத நிறுத்தின நாள் எனக்கு ஞாபகம் இருக்கு, ஹாதிம். ஒரு செவ்வாய்க்கிழமை. கதவு வரைக்கும் வந்தா. என் முகத்தைப் பாத்தா. தண்ணி வேணுமான்னு கேட்டுட்டுப் போயிட்டா."

"உன்னை நோகடிக்கக் கூடாதுன்னு போயிருப்பா."

"அதான்டா எரியுது."

அதற்குப் பிறகு அவன் எல்லாவற்றையும் கவனிக்க ஆரம்பித்தான். சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா ஆரஞ்சு உரித்தால் முதல் சுளை யாருக்குப் போகிறது என்று பார்ப்பான். விருந்தாளி வந்தால், வாப்பா யாரை முதலில் அறிமுகப்படுத்துகிறார் என்று பார்ப்பான். ஒரு நாள் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சொன்னான்: "தீமா கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல்ல படுத்துட்டா. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. உம்மா மேல ஆணை. அப்புறம் நான்தான் போய் மாத்திரை வாங்கிட்டு வந்தேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் நகல் எடுக்கும் வேலையைப் பார்த்தேன்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருடம் தீமாவின் பயிற்சி ஆண்டு முடிந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் மேல்பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பத்தில் சங்கத்தின் பதிவு எண் இருந்தாக வேண்டும். ஒரு வியாழக்கிழமை அதற்குக் கடைசி நாள். எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டன. நீதிமன்றத் தாள் ஒன்றுதான் பாக்கி. அவளுக்கு வார்டில் கடைசி வேலைகள். அண்ணன்தான் காரில் ஊரைச் சுற்றுகிறானே என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

அவன் அதை வாங்கிவிட்டான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்கு முந்தைய வாரத்து ஞாயிற்றுக்கிழமையே என் கடைக்குக் கொண்டுவந்து நகல் எடுத்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். நானும் மறந்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மதியம் தீமா கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஹாதிம் அண்ணே, நீதிமன்றத்துல உங்களுக்கு யாரையாவது தெரியுமா? அண்ணன் தினமும் போய்க் கேக்குறானாம். இன்னும் கையெழுத்தாகலைன்னே சொல்றாங்களாம்."

உண்மையை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "விசாரிச்சுச் சொல்றேன் தங்கச்சி" என்றேன். அவள் போனதும் சுஹைருக்குப் போன் செய்தேன்.

"குடுத்துடு."



"குடுக்கணும்னுதான் தினமும் நினைக்கிறேன். வீட்டுக்குள்ள போனா வாசல்ல அந்தப் பேனர் தொங்குது. 'டாக்டர் தீமாவுக்கு வாழ்த்துகள்.' பாத்ததும் கை பைக்குள்ள போக மாட்டேங்குது."

"இன்னைக்கே குடுக்கலைன்னா நான் வந்து சொல்லுவேன்."

அன்று மாலை கொடுத்தான். புதன்கிழமை காலை அவள் சங்கத்துக்கு ஓடினாள். கோப்பைப் பதிந்து எண் தர இரண்டு வேலை நாள் ஆகும் என்றார்கள். அது எல்லோருக்கும் உள்ள நடைமுறை. வியாழன் போயிற்று. குழந்தைகள் பிரிவும் போயிற்று.

பதிவு எண் கிடைத்த அன்று அவள் கடைக்கு வந்தாள். சுஹைர் என்னோடு உட்கார்ந்திருந்தான். அந்தத் தாளின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இதுல என்ன தேதி போட்டிருக்கு? வாசி."

அவன் வாய் அசைந்தது.

"சத்தமா வாசி. ஹாதிம் அண்ணனுக்கும் கேக்கட்டும்."

வாசித்தான்.

"ஏன்?"

"தெரியல."

"தெரியும். சொல்லு."

"ஊரே உன்னை ஹகீம்னு கூப்பிடுது, தீமா."

"என்னை ரெண்டு வாரமாத்தான் கூப்பிடுறாங்க. உன்னைப் பத்து வருஷமாக் கூப்பிட்டாங்க. ஒரு நாளாவது நான் பொறாமைப்பட்டேனா?" என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, பொய். பட்டேன். நீ விமானம் ஏறின அன்னைக்கு வாப்பா அழுதாரு. எனக்குச் சீட் கிடைச்சப்ப, நல்லதுன்னு சொல்லிட்டு டீவியைப் போட்டாரு. நான் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். ஆனா நான் உன் பாஸ்போர்ட்டை ஒளிச்சு வைக்கல."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். வீட்டில் மூச்சுவிடவில்லை. நீதிமன்றத்தில் தாமதம் என்றே வாப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

புதிய டாக்டர்கள் உறுதிமொழி எடுக்கும் நாள் வந்தது. குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது சுஹைர்தான். நானும் போயிருந்தேன். மேடையில் அத்தனை பேரும் கையை உயர்த்தி ஒரே குரலில் சொன்னார்கள். சுஹைர் பின்வரிசையில் சுவரோரமாக நின்றான். அவனுக்கு அது மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். வாப்பா திரும்பி, "கை தட்டுடா, உன் தங்கச்சி!" என்றார். தட்டினான்.

வீட்டில் பெரிய தட்டு நிறையக் குனாஃபா. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு உம்மு நிதால், கையில் தட்டோடு முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இந்த வீட்ல இப்ப ரெண்டு ஹகீம். என் முட்டியை யாருப்பா பாக்குறது? பெரிய ஹகீமா, சின்ன ஹகீமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுஹைர் எழுந்து நின்றான்.

"நான் டாக்டர் இல்ல மாமி. மூணு தடவை பெயிலானவன். இந்த வீட்ல டாக்டர் அவ ஒருத்திதான். அவளுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தையும் நான்தான் கெடுத்தேன். நீதிமன்றத் தாளை ஒன்பது நாள் சட்டைப் பையிலயே வச்சிருந்தேன்."

வாப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள் அறைக்குப் போனார். ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. உம்மு நிதால் மட்டும், "சரி, உக்காருப்பா, இனிப்பு ஆறுது" என்றார்.

அடுத்த சேர்க்கை வரை தீமாவை ருவைஷித் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் போட்டார்கள். பாலைவனத்து ஓரம், காரில் மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை கொண்டுபோய் விடுவதும் வியாழக்கிழமை கூட்டி வருவதும் சுஹைர். யாரும் சொல்லவில்லை, அவனாகவே செய்தான். முதல் சில வாரங்கள் அவள் பின் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாளாம். பிறகு ஒரு நாள் முன் சீட்டில் ஏறினாள்.

"மூணு வயசுக் குழந்தை. காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைச்சிருக்கு. முதல்ல என்ன செய்வ?"

"வண்டி ஓட்டுறப்ப கேக்காத."

"குழந்தை செத்துடும், சீக்கிரம் சொல்லு."

அவன் சொன்னான். தப்பு. அவள் திட்டினாள். ஆறு மாதமும் அந்தச் சாலையில் அவர்களுக்கு இதுதான் பேச்சு.

நாலாவது தடவையும் தோற்றான். ஐந்தாவது தடவை தேறினான். அப்போது அவனுக்கு முப்பத்தொன்று. பயிற்சி ஆண்டில் கூட இருந்த பிள்ளைகள் அவனை "மாமா" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். வார்டில் அவனுக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் வயதில் இளையவர்கள். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு முடித்தான், சங்கத்தில் பதிந்தான். இப்போது ஊருக்கு வெளியே ஒரு சுகாதார நிலையத்தில் பொது மருத்துவர். தீமா குழந்தைகள் நல நிபுணர். அம்மானில் பெயர் பெற்றவள்.

போன வாரம் கடைக்கு வந்தவனிடம் கேட்டேன்: "இப்ப எப்படிடா? அந்த எரிச்சல் போச்சா?"

"எங்க போகும்? போன மாசம் அவளைத் துபாய்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. படம் அனுப்பினா. சோறு இறங்கல."

"அப்புறம்?"

"உடனே போன் பண்ணிச் சொல்லிட்டேன். பொறாமையா இருக்குன்னு. கன்னாபின்னான்னு திட்டினா. திட்டு வாங்கினதும் பசிச்சது, சாப்பிட்டேன்."