விடைக்குறிப்பில் இல்லாத பதில்

போன வாரம் அவிநாசியில் ஆதார் அட்டையை நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வேறு யாரோ கொடுத்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. "டியூசன் சென்டருக்குங்க மேடம், நூறு காப்பி. செத்த பொறுத்துக்குங்க" என்றார் கடைக்காரப் பெண். மேலே கிடந்த தாளை எட்டிப் பார்த்தேன். 'அணிகள்: கடைசி நேரத் திருப்புதல்'. முதல் வரி, 'போல வந்தால் உவமை'. சூடான தாளின் வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு மல்லிகையும் மழையும் இளமையைக் கொண்டுவந்து தருமாம். எனக்கு ஜெராக்ஸ் தாள். என்ன செய்வது, வாத்தியார் பிழைப்பு.

என் முதல் வேலை, கோவையிலிருந்து அவிநாசி போகும் சாலையில் ஒரு தனியார் பள்ளியில். எனக்கு இருபத்து மூன்று வயது. பத்தாம் வகுப்புத் தமிழுக்குத் திருப்புதல் எடுக்கச் சொன்னார்கள். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கிக் கொடுத்தேன். அதிலும் முதல் வரி 'போல வந்தால் உவமை'தான். அதற்கு என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்கள். அந்த ஆண்டுத் தேர்வொன்றில், 'மழை வரும் போல இருக்கிறது' என்ற வரியை மூன்று பேர் உவமையணி என்று எழுதியிருந்தார்கள். மழை எதைப் போல வருகிறது என்று அதில் ஒருவன் அரைப்பக்கம் விளக்கியிருந்தான். ஆசிரியர் அறையில் அதை வாசித்துக்காட்டிச் சிரித்தேன். என் தாள் செய்த வேலை அது என்று எனக்கு உறைக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், ஸ்டெல்லா டீச்சரைத் தவிர.

ஸ்டெல்லா டீச்சர் போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கணவருக்கு ரயில்வேயில் வேலை. பத்தாம் வகுப்பில் 'அ' பிரிவு எனக்கு, 'ஆ' பிரிவு அவருக்கு. உரைப்பத்தி கொடுத்துக் கேள்வி கேட்பார்களே, நீங்களும் எழுதியிருப்பீர்கள், அதை அவர் இரண்டு தடவை சத்தமாக வாசிப்பார். கேள்விப் பக்கமே போகமாட்டார். "இதுல யாரு எதைச் சொல்லாம உட்டுட்டாங்க?" என்று பிள்ளைகளைக் கேட்பார். ஒரு பத்திக்கு ஒரு பீரியட் ஓடிவிடும். எனக்கு நாலு நிமிடம் போதும். "கேள்வியில இருக்கற வார்த்தையப் பத்தியில தேடுங்க. அந்த வரிய அப்படியே எழுதிப்போடுங்க. முழுசாப் படிக்கோணும்னு இல்லை." இதுதான் என் வித்தை.

அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் நான் எடுத்தேன். உரைப்பத்திக்கு நானே சின்னதாக ஒரு கதை எழுதினேன். ஒரு அம்மா மூன்று பிள்ளைகளுக்குப் பானையை வழித்துச் சோறு போடுகிறாள். "எனக்குப் பசியில்லை" என்கிறாள். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. 'தாய் ஏன் உண்ணவில்லை?' என்பது கேள்வி. விடைக்குறிப்பில், 'பசியில்லாததால் தாய் உண்ணவில்லை' என்று எழுதிவைத்தேன்.

அந்த அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் நான் பார்த்துப் பார்த்து வளர்ந்ததுதான் அது. ஆனாலும் விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்ததும் கை தன் பாட்டுக்குக் குறுக்குவழியில் போய்விட்டது.

ஸ்டெல்லா டீச்சர் வகுப்புத் தாள்களை நான் திருத்தினேன். கவிதா என்று ஒரு பெண், அதிகம் பேசாதவள், எழுதியிருந்தாள்: 'பானையில் சோறு இல்லை. பசியில்லை என்று அம்மா பொய் சொன்னாள்.' குறிப்போடு ஒத்துப்பார்த்தேன். சிவப்பு மையால் அடித்து, பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் தாளோடு வந்து நின்றாள். "ஏனுங்க மிஸ், பசிக்காமயா அந்த அம்மா ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாங்க?"

"குறிப்புல இப்படித்தான் இருக்குது கண்ணு" என்றேன். அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

ஸ்டெல்லா டீச்சர் அந்தத் தாளைத் தாளாளரிடம் கொண்டுபோனார். என்னையும் கூப்பிட்டார்கள். தாளாளர் யாரிடமும் குரலை உயர்த்தாதவர். "ஏனுங்க மேடம், ரெண்டு மார்க்குக்கா இத்தனை?" என்றார்.

"மார்க்குக்கு இல்லைங்க சார். அந்தப் புள்ள ஒருத்திதான் கதையப் படிச்சிருக்குது. மத்தவங்க யாரும் படிக்கலைங்க."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "கேள்வி போட்டது நீங்கதானுங்க அம்மணி. நீங்களே சொல்லிப்போடுங்க, எது சரி?"

அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். "குறிப்புல இருக்கறதுதானுங்க சார் சரி" என்றேன்.

ஸ்டெல்லா டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அந்தக் கதைய எழுதுனது நீங்கதானுங்களே டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்த ஆண்டு அவர் இல்லை. அவர் வகுப்பு மெதுவாகப் போகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். கவிதா பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியிருந்தாள். கடைசி மாதங்களில் இரண்டு பிரிவுக்கும் திருப்புதலை என்னிடமே கொடுத்திருந்தார்கள்; அவள் தாள்களைத் திருத்துவது சுலபமாக இருந்தது. பத்தியின் வரி அப்படியே இருக்கும், ஒரு எழுத்து மாறாமல். அவளை மற்ற பிள்ளைகளுக்கு உதாரணமாகக்கூடக் காட்டினேன்.

போத்தனூர் போய் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தேன். லீவு கிடைக்கட்டும், மழை விடட்டும் என்று வருடங்கள் போயின. ஒருவழியாகப் போய் ரயில்வே குடியிருப்பில் அந்தக் கதவைத் தட்டியபோது, வேறு குடும்பம் இருந்தது. "அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். கவிதா. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவள் மகள். "எங்க தமிழ் மிஸ்ஸு. இவங்க குடுத்த தாளப் படிச்சுத்தான் அம்மா அத்தன மார்க் வாங்குனேன்" என்றாள் மகளிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். யோசித்துப் பார்த்துச் சிரித்தாள். "அப்படியொண்ணு வந்துச்சுங்களா? நெனப்பே இல்லைங்க மிஸ்."

"ஸ்டெல்லா டீச்சரை ஞாபகம் இருக்கா?"

"யாருங்க மிஸ்?"

அவள் பஸ் வந்துவிட்டது. "வாரேனுங்க மிஸ்" என்று மகளோடு ஏறிப் போய்விட்டாள்.

அந்தப் பள்ளியை மூடி இடத்தையும் விற்றுவிட்டார்கள். விடைத்தாள் கட்டுகளை அந்த வருடமே எடைக்குப் போட்டாயிற்று. பசியில்லை என்று அம்மா பொய் சொன்னாள் என எழுதியவளே அதை மறந்துவிட்டாள். அப்படி ஒரு பதில் இருந்தது என்பது அதை அடித்த எனக்கு மட்டும்தான் இப்போது தெரியும்.