ஒத்திகை கேட்டவர்

துபாயில் ஒரு குளிர்கால மாலை. திறந்தவெளியில் ஒரு பிராட்வே இசைநாடகப் பாடகியின் கச்சேரி. இடைவேளையில் நானும் என் தோழியும் காபி வரிசையில் நின்று, கேட்ட பாட்டுகளைச் சிலாகித்துக்கொண்டிருந்தோம்.

"அந்த மூணாவது பாட்டுல உச்சத்துக்குப் போனாங்களே, எனக்குப் புல்லரிச்சிடுச்சு" என்றாள் தோழி.

"அந்த எடத்துல சுருதிய எறக்கிட்டாங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்காலி போடும் ஆள். பச்சை மேல்சட்டை, ஒட்டிய கன்னம், கையுறை கழற்றிய கையில், தொடைமேல் ஓயாமல் தாளம் போடும் விரல்கள்.

"இங்கிலீஷ் பாட்டெல்லாம் உங்களுக்குப் புரியுமாண்ணா?" என்று தோழி சிரித்தாள்.

"வார்த்தை புரியாது. பாட்டு புரியும். மத்தியானம் ஒத்திகையில இதையே மூணு தடவ பாடுனாங்க. மேல போயி அசையாம நின்னாங்க. அப்ப கேக்க இருந்தது நாற்காலி போட்ட நாங்க மட்டுந்தான்."

"யல்லா பாய், ஜல்தி!" என்று சூப்பர்வைசர் அவரை அவசரப்படுத்திக் கத்தினார். இவர் திரும்பவே இல்லை.

"நல்ல பாட்ட நாங்க கேட்டுட்டோம். நீங்க கேக்குறது அதுல மிச்சம்."

சொல்லிவிட்டு நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு போனார்.

கச்சேரி முடிவில் ரசிகர்கள் கேட்க, பாடகி அதே பாட்டை மறுபடி பாடினார். கூட்டம் முழுக்க எழுந்து கைதட்டியது. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் அந்த நாற்காலிக்காரர் கைகட்டி நின்றிருந்தார். சுருதி இறங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கைதட்டத் தூக்கிய என் கைகள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன.