மெல்பேர்ண்காரனுக்குப் போட்ட கதிரை

தெற்கு இத்தாலியில், வரைபடத்தில் பெயரே இல்லாத ஒரு மலைக்கிராமம். எனக்கும் மனைவிக்கும் அடுத்த பஸ் வர ஒரு மணித்தியாலம் ஆகும். தேவாலய வாசலில் கறுப்புடை அணிந்த குடும்பமொன்று கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று அதில் மூத்தவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். மெல்பேர்ண் என்கிறேன்.

"என் தம்பி போன கிழமை அங்கேதான் இறந்தான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். நீங்கள் அவன் இருந்த இடத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இப்படி இருங்கள்."

தன் பக்கத்தில் ஒரு கதிரை போடுகிறார். மறுக்க மனம் வரவில்லை. தம்பிக்கான பூசை முடிந்து வெளியே வந்த சனமெல்லாம் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடிக்கிறார்கள். ஒரு பெண் கையை விடாமல் அழுகிறாள்.

அப்பா இறந்த தந்தி மெல்பேர்ணுக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எல்லாம் முடிந்திருந்தது. அன்று என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன்.

பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

"அவரிட்டைச் சொல்லிப்போட்டு வருவமே?" மனைவி கேட்கிறாள்.

"செத்தவீட்டிலை சொல்லிக்கொண்டு போறேல்லை."

பேசாமல் எழும்பிப் போய் பஸ்ஸில் ஏறுகிறோம். பஸ் மலை இறங்குகிறது. அவள் மெல்லச் சொல்கிறாள்:

"ஹோட்டலுக்குப் போனவுடனை முதல்லை தலையிலை தண்ணி வாத்துத் தோயுங்கோ."