அழகுமுத்துவின் கடல்

விரல் நுனியால் நீலத்தைத் தொட்டுப் பார்க்கிறார். ஒட்டுகிறது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குந்துகிறார். வச்சிரப் பசையில் கரைத்த பொடி வர்ணம். அடிப்பூச்சு காயாவிட்டால் மேல்பூச்சைத் தாங்காது. லிந்துலை மழையில் எதுதான் காயும்? அதனால் நாடகப் படுதா, தேயிலைத் தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாட்டும் சூட்டுக் காற்றில் தொங்குகிறது. தோட்டத்துத் துரை திரும்புவதற்குள் கழற்றிவிட வேண்டும்.

அழகுமுத்துவின் வேலை, தேயிலைப் பெட்டிகளில் எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்துத் தோட்டத்தின் பெயரை அடிப்பது. கெட்டி மை, ஒரே பூச்சு, கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு. அந்தக் கையால்தான் கடல் எழுதப் பழகுகிறார்.

காரணம் பாவா. டவுனில் கடைப் பலகை எழுதுகிறவர். போன வருடத் திருவிழா நாடகத்தில் அவருடைய கடற்கரைப் படுதா விரிந்ததும் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனம் வாய் பிளந்தது. அழகுமுத்துவின் மனைவி வேலாயியே, "மேல ஈரக் காத்து அடிக்கிறாப்புல இருக்குங்க" என்று சொல்லித் தொலைத்தாள். அன்று அழகுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. "தோணி இருக்கு, துடுப்பு எங்க? ஒருத்தனும் கேக்கலியே" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அழகுமுத்து எழுதிய முதல் கடலுக்கு எதிர்க்கரை இருந்தது. அவர் கண்ட பெரிய தண்ணீர் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுதான். பாவா வந்து பார்த்தார்.

"அண்ணே, அக்கரையிலயும் கொழுந்து எடுக்குறாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அழகுமுத்து துணியைக் கழுவப் போட்டார்.

பிறகு ஒருநாள், கோயில் அறையில் சுருட்டிக் கிடந்த பாவாவின் படுதாவைப் பிரித்தார். முகப்பை அல்ல, முதுகைப் பார்த்தார். முதலில் பூசிய வர்ணம் முதுகில்தான் ஊறி நிற்கும். வானத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே வெளிர்நீலம். நடுவில் கோடே இல்லை. தூரத்துக்கு நீர்த்த பூச்சு. கிட்ட வர வர, பூச்சின்மேல் பூச்சு. "இம்புட்டுதானா" என்றார். ஆனால் வெகுநேரம் அதைச் சுருட்டவில்லை.

இன்று கடைசிப் பூச்சு. வெள்ளைப் பொடியைக் கழுநீர் போலக் கரைத்து, வானம் கடலைத் தொடும் இடத்தில் கந்தையால் ஒற்றுகிறார். தூரம் மங்கிப் பின்வாங்குகிறது.

அது காய்ந்ததும் நாடக மாஸ்டர் சிவசாமி வருகிறார். இந்த வருடம் யார் படுதா மேடையேறும் என்பது அவர் சொல்வதில் இருக்கிறது. தள்ளி நின்று பார்க்கிறார். கிட்டே வந்து பார்க்கிறார்.

"இதையே கட்டிருவோம்ணே."

அழகுமுத்துவின் முகம் மலர்கிறது. இருவரும் படுதாவை மூங்கிலில் சுற்றுகிறார்கள்.

"அப்படியே பாவா எழுதுனது போலவே இருக்கு. அவரே பாத்தாலும் தன்னுதுன்னுதான் சொல்லுவாரு."

மூங்கிலின் முன்முனை சிவசாமியின் தோளில் ஏறிவிட்டது. அவர் ஓரடி எடுத்து வைக்கிறார், மூங்கில் வரவில்லை. பின்முனையை அழகுமுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.